கடைசியில் நல்ல வார்த்தை இல்லாத சங்கீதம்

அதாலினா விழுந்தது ஆலயத்துக்குள். மறுநாள் ஞாயிறு, புதுக் கூரையின் பிரதிஷ்டை. பிரசங்க பீடத்துக்கு மேலே இருக்கும் வளைவில் சிவப்பு இஞ்சிப் பூ கட்ட வேண்டும் என்று மகளிர் குழு தீர்மானித்திருந்தது. ஏணியைக் கூரைக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். அதனால் ஒரு பெஞ்சின் மேல் இன்னொரு பெஞ்சைப் போட்டு, அதன் மேல் அதாலினா ஏறினாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, நல்ல கனம். கீழே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் செலேபா. பள்ளிக்கூட வாத்தியாரான நான் மூலையில் உட்கார்ந்து மறுநாள் பாட்டுகளைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது அதாலினா பீடத்தின் படியில் உட்கார்ந்தவாக்கில் கிடந்தாள். கையில் பூ அப்படியே இருந்தது.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வேணும்," என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வலி தெரிந்தது.

இடுப்பெலும்பில் இரண்டு முறிவு. முதுகெலும்பின் அடியில் ஒரு விரிசல். பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தை போட்டுப் படகுத்துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் ஏற்றி, பக்கத்துத் தீவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிடும் என்றும், நசுங்கின நரம்பைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்றும் டாக்டர் சொன்னார். இரண்டும் அப்படியே நடந்தது.

அதாலினா எங்கள் பாடகர் குழுவில் பதினோரு வருஷமாக ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பெண்களுக்குத் தலைவி. செலேபா சொப்ரானோ என்கிற மேல்குரல், அவளைவிட நான்கு வயது மூத்தவள். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் தகராறு. செலேபா மூன்றாவது சரணம் வரும்போது சுருதியிலிருந்து கொஞ்சம் இறங்கிவிடுவாள், மொத்தக் குழுவும் அவளோடு இறங்கும் என்பது அதாலினாவின் கட்சி. ஆல்டோக்காரிகள் பின்னாலிருந்து இழுப்பதால்தான் இறங்குகிறது என்பது செலேபாவின் கட்சி. கீபோர்டு வாசிக்கிறவனுக்கு எது சரி என்று தெரியாமல் இருக்காது. என்னிடம் கேட்டபோதெல்லாம், கீபோர்டு பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதாலினாவின் புருஷன் ஃபிலேமோனி சேம்பு பயிரிடுகிறவர், சபையில் டீக்கன். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் தூங்கிவிடுவார். ஆமென் என்கிற சொல்லுக்கு மட்டும் விழிப்பார். இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அவர் குறட்டை விடுவதில்லை. பிள்ளைகள் இருவரும் ஆக்லாந்தில் வேலையாக இருந்தார்கள். ஆளுக்கு ஒரு மெத்தையும் ஒரு மின்விசிறியும் அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைக் கூடத்தில் கடல் பக்கமாகப் படுக்க வைத்தார்கள். அவள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே, நடுவில் ரோடு மட்டும். இரண்டு வீட்டுக்கும் தூண்தான், சுவர் இல்லை. அதனால் அங்கே பேசியது எல்லாமே எனக்குக் கேட்டது. கேட்கக் கூடாது என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. பொன்னை நெருப்பில் போட்டுத்தான் சுத்தம் செய்வார்கள் என்று போதகர் சொன்னார். இதைவிட மோசமாக விழுந்தும் ஒருநாளும் முணுமுணுக்காத தன் சித்தப்பாவைப் பற்றி மூத்த டீக்கன் சொன்னார். சித்தப்பா விழுந்த மறுநாளே இறந்துவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்து, இடுப்பில் கையை வைத்து, எழுந்து நட என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார். எக்ஸ்ரே படம் தலைமாட்டில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள் அதாலினா. அவர் பார்த்தார். பிறகு கோகோ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வலி சாயங்காலமாகத்தான் அதிகம் வரும். இடது தொடையில் ஆரம்பித்துக் குதிகால் வரை இறங்கும். அவள் கத்துகிறவள் இல்லை. அந்த நேரம் வரும்போது பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தூணில் சுற்றியிருந்த தென்னைக் கயிற்றின் சுற்றுகளை எண்ண ஆரம்பிப்பாள். வந்தவர்கள் வாக்கியம் முடியும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், அவள் ஃபிலேமோனியிடம், இனிமேல் இந்த வீட்டில் ஜெபம் வேண்டாம் என்றாள்.

"நான் என் வீட்டுக் கூரையில ஏறி விழல. அவரு வீட்டுக்குப் பூ கட்டும்போது விழுந்தேன். அவருக்குக் கண்ணு தெரியாதுன்னா அது வேற விஷயம். தெரியும்னுதானே நாம எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்கோம்."

ஃபிலேமோனி இதற்கு என்ன சொன்னார் என்றால், சரி என்றார்.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததும் மணி அடிக்கும். ஆலயத்தின் பக்கத்தில் மாமரத்தில் கட்டித் தொங்கவிட்ட காலி காஸ் சிலிண்டர்தான் மணி. முதல் மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும். இரண்டாவது மணிக்கு வீட்டு ஜெபம் ஆரம்பம். மூன்றாவது மணி அடிக்கும்வரை ரோட்டில் யாரும் நடக்கக் கூடாது, வாலிபர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஊர் முழுக்கப் பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை என்றால் அந்தக் கேட்காததும் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

மகளிர் குழு கூடியது. குழுவுக்கு என் மனைவி ரூதா செயலாளர். அந்த வீட்டுக்குத் தினமும் யாராவது போய்ச் சாயங்கால ஜெபத்தை நடத்த வேண்டும் என்று பேசினார்கள். அதாலினாவின் வாய்க்குப் பயந்து எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் செலேபா, நான் போகிறேன் என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. செலேபாவின் பெயரை எழுதிவிட்டுத் தான் குறிப்பேட்டைச் சீக்கிரமாக மூடிவிட்டதாக ரூதா என்னிடம் சொன்னாள்.

முதல் நாள் செலேபா முதல் மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது மணி அடித்துவிட்டால் அவளை வெளியே அனுப்ப முடியாது.

"உங்களைத்தான் அனுப்பினாங்களா, செலேபாக்கா?" என்று அதாலினா கேட்டாள்.

"நானேதான் வந்தேன்."

"எனக்குக் கேட்கவேண்டிய அவசியம் இல்ல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"திரும்ப முடியுமா?"

"கழுத்து மட்டும் திரும்பும்."

கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். செலேபா பாடினாள், தனியாக. ஃபிலேமோனி கூடப் பாடினார், ஆனால் அவருக்கு ஒரே ஒரு சுரம்தான். பிறகு செலேபா வேதத்தைத் திறந்து, அதிலுள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில் முதலாவதை வாசித்தாள். ஜெபம் செய்தாள். மூன்றாவது மணி அடித்ததும் எழுந்து போனாள். அடுத்த நாள் இரண்டாம் சங்கீதம். செலேபா எதையும் ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்கிறவள். நேரான மனுஷி, நடுவில் எதையும் விடமாட்டாள்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, மூன்றாவது சரணத்தில் செலேபா வழக்கம்போல இறங்கினாள். அப்போது கூடத்தின் கடல் பக்கத்திலிருந்து ஆல்டோ ஆரம்பித்தது. ரோட்டின் இந்தப் பக்கம் ரூதா பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் அதாலினா சொன்னது இதுதான்:

"பக்தியில பாடினேன்னு போய்ச் சொல்லிடாதீங்க. காது தாங்கல."

அதற்குப் பிறகு தினமும் காது தாங்காமல் பாடினாள். ஜெபத்துக்கு மட்டும் கண்ணை மூடவில்லை, தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சங்கீதங்களைக் கவனிக்கிறாள் என்பது அவள் குறை சொல்வதிலிருந்து தெரிந்தது. அவளுடைய குறை, எழுதினவன் கடைசியில் மாறிவிடுகிறான் என்பது. எலும்பு நோகிறது, படுக்கை கண்ணீரில் நனைகிறது, எத்தனை நாளைக்கு என்றெல்லாம் ஒழுங்காக ஆரம்பிக்கிறான். அவளும் உடன்பட்டுக் கேட்டுக்கொண்டு வருவாள். கடைசி இரண்டு வரியில் திடீரென்று துதிக்க ஆரம்பித்துவிடுகிறான்.

"நடுவுல இவனுக்கு என்ன ஆச்சு? யாராவது மாத்திரை கொடுத்தாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது எழுதல," என்றாள் செலேபா.

இப்படி மூன்று மாதம் ஆகப்போன சமயம். அந்தச் சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்ததால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அன்று அதாலினாவுக்கு வலி அதிகம். பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை. செலேபா அன்றைய சங்கீதத்தை வாசித்தாள். அது முழுக்க முறையீடு. குழியைப் பற்றியும் இருட்டைப் பற்றியும், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராததைப் பற்றியும் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

"மிச்சத்தையும் வாசிங்க," என்றாள் அதாலினா.

"அவ்வளவுதான்."

"கடைசில வருமே, அந்த நல்ல வார்த்தை."

"இதுல வரல."

"அடுத்த பக்கத்துல இருக்கும். திருப்புங்க."

செலேபா திருப்பினாள். "அடுத்த பக்கம் வேற சங்கீதம். இது இருட்டுலயே முடியுது."

 அதாலினா மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்ததும் மூன்றாவது முறை வாசிக்கச் சொன்னாள். ஐம்பது வருஷம் ஆலயத்துக்குப் போயிருக்கிறேன், இதை ஒருத்தரும் வாசித்துக் கேட்டதில்லையே என்றாள். போதகர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்றாள் செலேபா.

"இதையும் அவரு புத்தகத்துல போட்டு வச்சிருக்காரா?"

"போட்டுத்தான் இருக்கு."

"கிழிக்காமலா?"

"கிழிக்காமத்தான் வச்சிருக்காரு."

அப்புறம் அதாலினா, இன்றைக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன் என்றாள். கண்ணை மூடினாளா என்று எனக்குத் தெரியாது, நான் என் கண்ணை மூடியிருந்தேன். அவள் ஜெபம் இவ்வளவுதான்:

"ஆண்டவரே, வலிக்குது. நேத்தும் வலிச்சுது. நான் விழுந்தப்ப நீங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்க. எனக்கு உங்க மேல கோபம். அதைச் சொல்லாம இருந்ததால உங்ககிட்டப் பேசவே முடியல. இப்பச் சொல்லிட்டேன். இங்கயே இருங்க. ஆமென்."

ஃபிலேமோனி விழித்துக்கொண்டார். எழுந்திருக்கப் போனவரை செலேபா உட்கார வைத்தாள். தான் இன்னும் ஜெபம் பண்ணவில்லை என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவர் ஜெபிக்கும்போது நடுவில் வேறு யாரும் பேசக் கூடாது. ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்கவும் கூடாது. செலேபாவுக்கு இது நன்றாகத் தெரியும். கர்த்தரே, என்று ஆரம்பித்தாள். மழைக்கு நன்றி சொன்னாள். பயணத்தில் இருக்கிறவர்களுக்காக வேண்டிக்கொண்டாள். பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள்:

"அன்னிக்குப் பெஞ்சை நான்தான் விட்டேன். பூ கோணலா இருக்குன்னு நான் சொன்னேன், உங்க காது மாதிரிதான் கண்ணும்னு அவ சொன்னா. எனக்கு ஆத்திரம் வந்துச்சு. கையை எடுத்துட்டேன். அவ விழணும்னு நினைக்கல, கர்த்தரே. பிடிக்க வேணாம்னு மட்டும் நினைச்சேன். இத்தனை மாசமா இதை யார்கிட்டயும் சொல்லல. உமக்குத் தெரியும். இப்ப அவளுக்கும் தெரியும்."

அதோடு நிறுத்திவிட்டாள். ஆமென் சொல்லவில்லை.

மூன்றாவது மணி அடித்தது. ரோட்டில் ஆட்கள் நடக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் சத்தமிட்டன. எதிர் வீட்டில் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள், அதில் ஒருவர் மட்டும் தூங்கிக்கொண்டு. நானும் ரூதாவும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் ஜெபம் முடிந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து அதாலினாவின் குரல் கேட்டது.

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்ல," என்றாள் செலேபா.

"அப்ப ஆமென் சொல்லுங்க. அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கும்."

ஃபிலேமோனியைச் சொன்னாள். செலேபா ஆமென் சொன்னாள். அதாலினாவும் சொன்னாள். அவள் அழுதாளா என்று மறுநாள் மகளிர் குழுவில் ரூதாவிடம் கேட்டார்கள். தூரம் அதிகம், தெரியவில்லை என்று ரூதா சொல்லிவிட்டாள். எங்கள் ரோடு அவ்வளவு அகலமில்லை.

இரண்டு நாள் அதாலினா செலேபாவிடம் பேசவில்லை. பாட்டை மட்டும் பாடினாள். மூன்றாம் நாள் செலேபா வந்து உட்கார்ந்ததும், தலையணையை முதுகுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். சரியாக வைக்கவில்லை என்று நான்கு தரம் மாற்றச் சொன்னாள். செலேபா நான்கு தரமும் மாற்றினாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவர்கள் இருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தலையணை விவகாரம் மட்டும் வருஷக்கணக்கில் நடந்தது.

வலி போகவில்லை. ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னாள். எழுந்து நடந்தது பதினான்கு மாதம் கழித்து, அதுவும் கோலோடு. கூட்டத்தில் நின்று, எனக்கு இன்னும் வலிக்கிறது, ஆனால் இப்போது தனியாக வலிக்கவில்லை, என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற சாட்சிகள் அரை மணி நேரம் போகும். அடுத்தவர் தயாராகாததால் நான் இடையில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஊரில் நோயாளிகள் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கோலை ஊன்றிக்கொண்டு போவாள், செலேபா வேதத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். போய் உட்கார்ந்ததும் வலிக்கிறதா என்று கேட்பாள். வலிக்கிறது என்றால், சரி என்பாள். ஏன், எதனால், எதற்காக என்று எதுவும் சொல்லமாட்டாள். பிறகு அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வாள்.

போதகருக்கு இது கொஞ்சம் உறுத்தியது. வீட்டுக்கு அழைத்து, கோகோ கொடுத்து, கொஞ்சம் வெளிச்சமான சங்கீதம் ஏதாவது வாசிக்கலாமே என்று பக்குவமாகக் கேட்டார். வெளிச்சமானதை எல்லோரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள் ஐயா, அவர்களுக்கு அதில் குறைவில்லை என்றாள் அவள். அவர் யோசித்துப் பார்க்கிறேன் என்றார். அந்த வருஷக் கடைசியில் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. கப்பல் இல்லாத புயல் நாள். போதகரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நேராக அதாலினா வீட்டுக்கு வந்தார்.

"எதை வாசிக்கட்டும் ஐயா?" என்று செலேபா கேட்டாளாம்.

"அதையே வாசி," என்றாராம் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கப்புறம் பொன், நெருப்பு என்று அவர் பிரசங்கத்தில் வரவில்லை.

ரூதாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நாளாகிவிட்டது. ஏழு வாரம் இருந்தாள். ஏழு வாரமும் அவர்கள் இருவரும் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். ரூதா கோபப்படத் தெரியாதவள். ஆண்டவரிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று அதாலினா கேட்டதற்கு, வாத்தியாருக்குச் சமைக்கத் தெரியாது, அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல் என்றாளாம். அதாலினா அதை அப்படியே ஜெபத்தில் சேர்த்தாள்.

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. துக்கச் சீராகப் பாய்கள் வந்தன, பன்றிகள் வந்தன, பேச்சாளர்கள் பேசினார்கள், நான்கு நாளில் எல்லோரும் போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் முதல் மணி அடித்தது. நான் உட்கார்ந்திருந்தேன். விளக்கை ஏற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டாவது மணிக்கு முன்னால் கோல் சத்தம் கேட்டது.

அதாலினா உட்காருவதற்கு நேரம் எடுக்கும். உட்கார்ந்தாள். செலேபா அவள் முதுகுக்கு எதையோ வைத்தாள்.

"வாத்தியாரே, ஜெபம் பண்றீங்களா?"

"வரல."

"எதுவுமே வரலியா?"

"ஒண்ணும் வரல. சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"சரி. நீங்க சும்மா இருங்க. நாங்க இருக்கோம். அவரும் இருப்பாரு. பேசணும்னு கட்டாயமில்ல."

அவர்கள் பாடவில்லை. வாசிக்கவும் இல்லை. மூன்றாவது மணி அடிக்கும்வரை நாங்கள் மூவரும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அதை ஜெபம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கடைசியில் ஆமென் சொன்னாள், என் வாயும் சொன்னது. பிறகு அவித்த சேம்பும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் இருந்த கூடையை என் பக்கம் நகர்த்தினாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் நல்ல மழை, அன்றைக்கும் வந்தார்கள்.